மடியில் ஒரு விளையாட்டுப் பை



பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் நமதூர்க் குடும்பங்கள் பயணம் கிளம்பிவிடுகின்றன. ஆம்பூரில் ஒரு நிக்காஹ், வாணியம்பாடியில் ஒரு விருந்து, பெங்களூரில் மகள் வீடு, நாகூர், மைசூர், அல்லாஹ் நாடியவர்களுக்கு உம்ரா. கட்டுச்சோறு, தண்ணீர், மாத்திரை, பிள்ளைக்கு மாற்றுத்துணி என்று எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைக்கிறோம். அந்த ஏழெட்டு மணி நேரம் பிள்ளை என்ன செய்துகொண்டு வரும் என்பதற்கு மட்டும் எதையும் எடுத்து வைப்பதில்லை. அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே என்ற நினைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சில குடும்பங்களாகச் சேர்ந்து வேன் பிடித்து நாகூர் போனோம். சுபுஹு தொழுத கையோடு புறப்பட்டு ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். மூவருமே போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். புதுச்சேரி தாண்டியதும் ஒரு போனில் சார்ஜ் தீர்ந்தது. அதை வைத்திருந்த பையனுக்கு 3 வயது. பிடித்த அழுகையை அவன் விடவே இல்லை. தாய் தோளில் போட்டுத் தட்டினார், தகப்பன் அதட்டினார், பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சிதம்பரம் நெருங்கும்போது வேனில் இருந்த ஒரு நன்னிமா தன் கைக்குட்டையைச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, காதும் வாலுமாக ஓர் எலி செய்தார். அதை உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொடுத்தார். திடீரென்று எலி அவர் முழங்கை வரை ஓடியது. அழுகை நின்றது. அந்த எலியோடுதான் பையன் நாகூர் வந்து சேர்ந்தான். இறங்கும்போது கைக்குட்டையைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டான்.

“இதெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க?” என்று அந்த நன்னிமா சொன்னது நமக்கு உறைத்தது. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் அந்த வாந்தியைப் பற்றி. ஓடும் வண்டி ஆடுவதையும் திரும்புவதையும் நம் உள்காது உணர்ந்துகொண்டே இருக்கிறது. போனையோ புத்தகத்தையோ உற்றுப் பார்க்கும் கண் மட்டும், எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம். ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் குறையும். ஆகவே பயணத்துக்கு ஏற்ற விளையாட்டுச் சாமான் என்பது கைக்கு வேலை கொடுத்துக் கண்ணை விட்டுவிடுகிற சாமான். போன் இதற்கு நேர்மாறானது, கை சும்மா இருக்கும், கண் மட்டும் கட்டுண்டு கிடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையொட்டியே இருக்கிறது. 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது. போனைத் தொடவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கைக்குழந்தை ஒன்று, ஓடும் பிள்ளை ஒன்று என்று இருவரைத் தனியாக அழைத்துப் போகும் தாய், கடைசி அரை மணி நேரம் போனைக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? கடைசியில் எடுக்க வேண்டியதை முதலிலேயே எடுத்துவிடுகிறோமே, அதுதான் தொல்லை.

நம் மார்க்கத்தில் இதற்கு ஓர் அழகான முன்மாதிரி உண்டு. மதீனாவின் அன்சாரிப் பெண்மணி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆஷூரா நாளில் அவர்கள் தாங்களும் நோன்பு வைத்து, தங்கள் சிறு பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வார்கள். பிள்ளைகளுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளை உணவு கேட்டு அழும்போது அதைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை பராக்குக் காட்டுவார்கள். அந்தப் பொருளைத் தங்களோடு எடுத்துச் சென்றதாகவும் முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. சாமான் கம்பளியால் கையால் செய்யப்பட்டது. தேவை வரும் என்று தெரிந்து முன்கூட்டியே செய்து உடன் கொண்டுபோனது. காலையிலேயே கொடுத்துத் தீர்த்துவிடாமல், பிள்ளை அழும் நேரம் பார்த்துக் கொடுத்தது. பயணத்துக்கு வேண்டிய முறை முழுவதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்துத் தோழிகளோடு விளையாடியதையும், அந்தப் பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டில் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்ததையும், அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் நம்மில் பலர் பயானில் கேட்டிருப்போம். அதுவும் நபியவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது நடந்ததுதான். பொம்மைக்குக் கண், மூக்கு வைப்பதில் தயக்கம் உள்ளவர்கள் தங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம். கண்ணும் மூக்கும் இல்லாத பொம்மையோடும் பிள்ளைகள் குறையில்லாமல் விளையாடுகிறார்கள் என்பது நம் அனுபவம்.

சாமான்களைச் சொல்லும் முன் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலில் தனி இருக்கை கேட்காத 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. தமிழக அரசுப் பேருந்திலும் 2022 முதல் 5 வயது வரை கட்டணம் இல்லை, அதற்கு முன் 3 வயது வரைதான். காசு மிச்சம், ஆனால் பிள்ளைக்கு இருக்கை கிடையாது. அதன் விளையாட்டு மைதானம் நம் மடிதான். உருண்டு ஓடும் சாமான் சீட்டுக்கு அடியில் போகும், எடுக்கக் குனிந்தால் பக்கத்துக்காரர் முறைப்பார். சத்தம் போடுகிற சாமான் பேருந்து முழுக்கத் தெரியும். ஆகவே மடியில் அடங்க வேண்டும், உருளக் கூடாது, கத்தக் கூடாது.

1 வயதுக் குழந்தைக்கு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். உள்ளே கைக்குட்டை அளவில் பல நிறத் துணித்துண்டுகள். குழந்தை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போடும், நாம் திரும்பத் திணிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது சலிக்கும். குழந்தைக்குச் சலிப்பதில்லை. துணிகளை ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கிவிடக் கூடாது, கழுத்தில் சுற்றும். இன்னும் சின்னக் குழந்தை என்றால் துப்பட்டாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் காட்டினாலே சிரித்துக்கொண்டிருக்கும்.

2, 3 வயதில் துணிப்பொம்மை. குடியாத்தம் லுங்கியின் பழைய துண்டு நன்றாக இருக்கும், பல தடவை துவைத்த துணி மென்மையாகிவிடும். ஒரு முழச் சதுரமாக வெட்டி, நடுவில் துணிப்பந்து வைத்து, கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு மூலைகளில் முடிச்சுப் போட்டால் தலையும் கையும் வந்துவிடும். கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள், பிள்ளை அதைத்தான் முதலில் கடித்துப் பிய்க்கும். வேண்டுமானால் நூலால் தைக்கலாம். இரண்டு பொம்மை இருந்தால் ஒன்றுக்கு ஒன்று சலாம் சொல்லும், சாப்பிடும், தூங்கும். ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

குடியாத்தத்திலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம், தீப்பெட்டி. காலிப் பெட்டிகள் நான்கைந்தை நூலால் கோத்தால் ரயில். ஒவ்வொரு பெட்டியையும் இழுத்துத் திறந்து மூடுவதுதான் பிள்ளைக்குப் பிடிக்கிற வேலை. உள்ளே துணித்துண்டோ வண்ணக் காகிதமோ ஒளித்து வைத்தால் தேடிக்கொண்டே இருக்கும். உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. அதன்மேல் காகிதம் ஒட்டி மறைத்த பிறகே கொடுக்க வேண்டும். துணி காயப்போடும் கிளிப்பு பத்தும் ஓர் அட்டைத் துண்டும் கொடுத்தால், 3 வயது தாண்டிய பிள்ளை அட்டை ஓரத்தில் வரிசையாகக் குத்தி முள்ளம்பன்றி செய்யும், சூரியன் செய்யும்.

அட்டை என்றதும் கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் கெட்டியான, பளபளப்பான பத்திரிகைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்திருக்கும். வெட்டி அட்டை விளையாட்டுச் செய்ய நல்ல பொருள். ஆனால் பிஸ்மில்லாஹ்வும் குர்ஆன் வசனமும் அச்சிட்ட பக்கத்தை வெட்டிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் அது பேருந்தில் காலடியில் போய் விழும். அந்தப் பகுதியைத் தனியே எடுத்துக் கண்ணியமாக வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள்.

6 வயதுக்கு மேல் இருப்பவர்களுக்குப் புளியங்கொட்டை இருந்தால் போதும். ஒற்றையா இரட்டையா கேட்டு விளையாடலாம். அட்டையில் கோடு கிழித்தால் ஆடு புலி ஆட்டம், பேனாவால் இரண்டு வரிசை வட்டம் போட்டால் பல்லாங்குழி. பந்தயம் மட்டும் வைக்க வேண்டாம், மிட்டாய்க்குக்கூட. அதே சீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறோம்.

வீட்டில் பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவே, முன்பின் தெரியாத ரோட்டில் மூச்சு அடைத்தால்? 3 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டை மிகச் சிறியது. விளையாட்டுச் சாமான் சோதனைக்கூடங்களில் 3.17 செ.மீ. விட்டமுள்ள சிறு உருளை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுப் பிள்ளைக்கு ஆகாது. நம் 10 ரூபாய் நாணயத்தின் அகலம் 2.7 செ.மீ. நாணயத்தின் அளவோ, அதைவிடக் கொஞ்சம் பெரிதோ, அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிடலாம். கோலிக்குண்டு, புளியங்கொட்டை, பட்டன், வேர்க்கடலை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பலூன் துண்டும் ஊதாத பலூனும் இவை எல்லாவற்றையும்விடக் கெட்டவை, தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். அழும் பிள்ளை கையில் தஸ்பீஹ் மணியைக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். கடித்து நூல் அறுந்தால் அத்தனை மணியும் மடியில் கொட்டும். பொடிப் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பயணம் போகும் இடங்களில் வாசல் கடைகளில் விற்கும் மின்னும் மோதிரம், விளக்கு எரியும் பம்பரம், பாடும் கைக்கடிகாரம் இவற்றுக்குள் பட்டன் பேட்டரி இருக்கிறது. அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். வலி தெரியவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108க்குப் போன் செய்து, பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். மூடியில் திருகாணி இல்லாத பேட்டரிச் சாமான் எதையும் வாங்கவே வேண்டாம் என்பது நம் கருத்து.

இன்னொன்று நம் பகுதிக்கே உரியது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் சகோதரிகள் வீட்டில் வண்ண வண்ணத் தோல் துண்டுகள் கிடக்கும். மென்மையாக இருக்கும், கிழியாது, பொம்மை செய்யத் தோதாகவும் தோன்றும். ஷூவுக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிட்டது, மேலே சாயமும் பூச்சும் வேறு. ஐரோப்பாவில் விற்கும் தோல் பொருட்களில் குரோமியம் 6 இன்ன அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015 முதல் கட்டுப்பாடு இருப்பது, ஏற்றுமதி வேலை செய்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும். அது தோலில் படும் பொருளுக்கு. நம் பிள்ளை அதைச் சப்பும். எதையும் வாயில் வைக்கும் வயது தாண்டும் வரை தோல் துண்டு வேண்டாம். கம்பெனியிலிருந்து வரும் காலி நூற்கண்டுக் கூம்புகளைக் கழுவிக் கொடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

கடையில் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு அது கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் சாமானுக்கும் புவிசார் குறியீடு பெற்ற சாமானுக்கும் விலக்கு உண்டு. ஆகவே மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் வழியில் சென்னப்பட்டணத்தில் வாங்கும் மரச்சாமானில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

சென்னப்பட்டணம் பெங்களூரிலிருந்து சுமார் 60 கி.மீ. அந்தத் தொழிலுக்கும் நமக்கும் உறவு உண்டு. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துத் தொடங்கி வைத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பின்னாளில் அதை வளர்த்த பாவாஸ் மியானை இந்தப் பொம்மைத் தொழிலின் தந்தை என்று போற்றுகிறார்கள். இன்றும் அங்குள்ள பட்டறைகளில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. மரம் நம் காடுகளிலும் உள்ள வெட்பாலை. கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு காய்ந்த தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் மெருகு வரும். பெயிண்ட் அடித்த போலிகளும் விற்கின்றன. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருவது அரக்கல்ல. பெரிய வளையங்களை ஒரு தண்டில் அடுக்கும் சாமான் ஒன்று அங்கே கிடைக்கும், மடிக்கு ஏற்றது. சக்கரம் வைத்த வண்டியை வீட்டுக்கு என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமானே தேவைப்படாத நேரமும் பயணத்தில் உண்டு. அப்போது ஜன்னல் போதும். நம் சோளிங்கர் ஸ்டேஷன் வழியாகப் போகும் பாதை 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை என்று சொல்லிப் பாருங்கள், 8 வயதுப் பையன் நிமிர்ந்து உட்காருவான். காட்பாடிப் பக்கம் போனால் திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலம் வரும், யார் முதலில் பார்ப்பது? வலது ஜன்னல்காரருக்கு ஆடு, இடது ஜன்னல்காரருக்கு மாடு, எதற்கு எண்ணிக்கை அதிகம்? பனைமரத்தை எண்ணச் சொல்லிவிடாதீர்கள், நம் பக்கத்தில் அது முடியாது. கையையும் தலையையும் வெளியே நீட்டக் கூடாது என்பதை ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். ஓலைக் காற்றாடி வாங்கிக் கொடுத்தவர்கள் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

விமானத்திலும் இதே பைதான். உம்ராவுக்கு ஜித்தா போக ஐந்தாறு மணி நேரம் ஆகும். பை கையோடு இருக்க வேண்டும், பெட்டியோடு உள்ளே அனுப்பிவிட்டால் பயனில்லை. கத்தரிக்கோலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுத்தால் போதும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் முறைக்குக் காத்திருக்கும் நாட்களிலும் இந்தப் பையை எடுத்துப் போகலாம்.

பையில் ஐந்தாறு சாமானுக்கு மேல் வேண்டாம். பிள்ளை பார்க்காத நேரத்தில் கட்டி, பார்க்காத இடத்தில் வையுங்கள். வண்டி கிளம்பியதும் திறக்க வேண்டாம், முதல் ஒரு மணி நேரத்துக்கு ஜன்னலே போதும். சிணுங்கத் தொடங்கும்போது ஒன்றை எடுங்கள். அடுத்ததை எடுக்கும் முன் முதலாவதை உள்ளே போட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து அது மறுபடி புதுச்சாமானாகிவிடும். எடுத்துக் கொடுத்துவிட்டு நாம் திரும்பி உட்கார்ந்துகொண்டால் எந்தச் சாமானும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அந்தக் கைக்குட்டை எலி தானாக ஓடவில்லை, நன்னிமாவின் கை ஓட்டியது. அத்தாக்கள் இதைத் தாய்மார் வேலை என்று விட்டுவிடாமல் ஒரு மணி நேரமாவது பையைத் தாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பும் பயணம்தான் கடினம். பிள்ளை களைத்திருக்கும், நாமும் களைத்திருப்போம். அதற்கென்று இரண்டு சாமானைத் தனியே துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். போகும் வழியில் எவ்வளவு அழுதாலும் அதை எடுக்காதீர்கள்.